பத்து மைல்

மாதத்தின் முதல் புதன், நண்பகல்,
எங்கள் கவுண்டியில் சங்கு ஊதும்,
யாரும் சாகவில்லை என்று அறிவிக்க.
எழுபத்தொரு கம்பங்கள். மூன்று நிமிடம்.
பெட்ரோல் பங்கில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
பல் மருத்துவர் மட்டும் துளைப்பதை நிறுத்துவார்.
நோயாளி வலிக்கிறது என்று சொன்னால் கேட்காதாம்.

என் மேசையில் ஒரு வரைபடம்.
அணு உலையின்மேல் கவராயத்தின் முள்ளை ஊன்றி
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த யாரோ
இழுத்த வட்டம்.
யோஸ்ட் பைலரின் வீடு உள்ளே,
மாட்டுக்கொட்டகை வெளியே.
"வட்டம் வட்டம்தான்" என்றார்
மாநிலத் தலைநகரிலிருந்து வந்த விட்கோம்.
காற்றிடம் இதை யார் சொல்வது என்று கேட்கப் போய்
அவருக்குக் காபி ஊற்றினேன்.

தீயணைப்பு நிலையத்தில் கூட்டம்.
மேசைமேல் மூன்று கோப்புகள்.
உலைக்காரர்களின் கோப்பில் ஓடைப் பாலம் இருக்கிறது.
மாநிலத்தின் கோப்பில் பழுதுபார்க்கப்படுகிறது.
என்னுடையதில் பாலமே இல்லை.
வெள்ளம் அதைக் கொண்டுபோன இரவு
கையில் டார்ச்சோடு நான் கரையில் நின்றேன்.
பதினோரு பள்ளிப் பேருந்துகள்
இல்லாத பாலத்தை
இரண்டு வருடமாகக் காகிதத்தில்
பத்திரமாகக் கடந்துகொண்டிருக்கின்றன.

செரிஃபின் அவசர எண்ணை அழைத்துப் பார்த்தோம்.
ஓய்வுபெற்று புளோரிடாவில்
மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.
நலமா என்று விசாரித்தார்.

பிறகு ஆமிஷ் குடும்பங்கள். நாற்பத்து மூன்று வீடுகள்.
போன் இல்லை, ரேடியோ இல்லை, கார் இல்லை.
இல்லாமல் போனதல்ல, வேண்டாம் என்று வைத்தது.
படிவத்தில் ஒரு கட்டம்: வாகனங்களின் எண்ணிக்கை.
பூஜ்யம் போட்டு, அழித்து,
குதிரைகள் தொண்ணூற்றாறு என்று எழுதினேன்.
கணினி ஏற்க மறுத்தது.
உலையின் தொடர்பு அதிகாரி ஓரின் டெஷ்
கால்குலேட்டரை எடுத்தார்.
மணிக்கு எட்டு மைல். நிவாரண முகாம் இருபத்துநான்கு மைல்.
விடையை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

யோஸ்ட் கடைசி வரிசையில்
தொப்பியை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.
"யார் வந்து சொல்வீர்கள்?"
அது மட்டும்தான் கேட்டார்.
மூன்று கோப்புகளும் புரண்டன.

பதில் வாசலில் புகைபிடித்துக்கொண்டிருந்தது.
டோரீன் குஹ்தா, பால் டேங்கர் ஓட்டுநர்.
ஒருநாள் விட்டு ஒருநாள் அத்தனை வாசலுக்கும் போகிறவள்,
எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குரைக்க மட்டும் செய்யும் என்று
பெயரோடு அறிந்தவள்.
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்டாள்:
"அன்றைக்குப் பாலை எடுக்கணுமா, வேண்டாமா?"
அது வேளாண்மைத் துறையின் கோப்பு என்றார் விட்கோம்.
நான்காவது கோப்பு.
"மாட்டு மடிக்குத் துறை தெரியாதே" என்றாள்.
போட்டாள்.

நவம்பரில் ஒத்திகை.
மஞ்சள் மேலங்கியில் மதிப்பீட்டாளர்கள்.
ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும்
இது ஒத்திகை, இது ஒத்திகை.
டோரீன் காலி டேங்கரை ஓட்டினாள்.
முப்பத்தோராவது வாசலில் மழை பிடித்தது.
அவசரத்தில் அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் பார்த்தாளாம்:
லொவைனா வண்டி பூட்டி நிற்கிறாள்.
ஆறு பிள்ளைகள், ஒரு கூடை ரொட்டி,
வாய் கட்டிய ஈஸ்ட் ஜாடி ஒன்று.
"எங்கே போகணும்?"

குறைபாடு என்று எழுதினார் மதிப்பீட்டாளர்.
விதிப்படி சரி.
புலி வருது, புலி வருது என்று
மாதம் ஒருமுறை கூவுவது என் வேலை.
ஒருத்தி நம்பிவிட்டாள்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.
முகாமாகப் போகும் பள்ளிக்கூடத்தின் முற்றத்தை
மனதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன்.
கார் நிறுத்த முந்நூறு கோடுகள் வரைந்திருக்கிறோம்.

வசந்தகால பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்தேன்:
குதிரை கட்டும் கம்பம், ஐம்பது. தண்ணீர்த் தொட்டி, நான்கு.
விட்கோம் அழைத்தார். தட்டச்சுப் பிழையா என்றார்.
இல்லை என்றேன்.
நெடுநேரம் எதுவும் பேசவில்லை.
பிறகு, தொட்டி நான்கு போதுமா என்று கேட்டார்.